நாளைக்கு மீன் வராது

கெங்கம்மாவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பாக்கெட் பாலைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் அடுப்பில் வைப்பாள். புயல் வரும் என்று டி.வி.யில் சொன்னால் ஆற்றங்கரைக்குப் போய்த் தானே காற்றைப் பார்த்துவிட்டு வருவாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. அனல்மின் நிலையம் வந்தால் வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். வீட்டுக்கு வீடு சாம்பல்தான் வந்தது. சாலையை அகலப்படுத்தினால் பஸ் வரும் என்றார்கள். கண்டெய்னர் லாரி வந்து நின்றது, இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆறு கறுத்தபோது, சேதத்தைக் கணக்கெடுக்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜீப்பைவிட்டு இறங்காமலே எழுதிக்கொண்டு போனார்கள். இத்தனையும் பார்த்துவிட்டு ஒருத்தி நம்பிக்கையோடு நடமாடினால், அவளைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எண்ணூர் ஆற்றங்கரையில் நண்டுமேட்டுக்குப்பம் அவளுடைய ஊர். புருஷன் போய்ச் சேர்ந்தபிறகு மகன் அசோகன் வலை கட்டுகிறான். அவன் கொண்டுவருவதையும் மற்றவர்கள் கொண்டுவருவதையும் ஏலத்தில் எடுத்து, அன்னக்கூடையில் வைத்துக் காலடிப்பேட்டைத் தெருக்களில் விற்பாள். மடவை, கிழங்கான், இறால், நண்டு, அன்றைக்கு எது கிடைக்கிறதோ அது. காலடிப்பேட்டையில் அவளுக்கென்று ஒரு பெயர் உண்டு. கெங்கம்மா வரமாட்டாள் என்றால் முதல்நாளே தெரிந்துவிடும். மசாலா அரைத்து வைத்துக்கொண்டு யாரும் வாசலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. யாரையும் நம்பாதவள், தன்னை நம்பியவர்களை ஒருநாளும் காக்க வைத்ததில்லை. இந்த நல்ல பழக்கம்தான் அவளைக் கவிழ்த்தது.

பக்கத்தில் இருந்த துறைமுகத்தை விரிவாக்கப் போவதாகச் செய்தி வந்தது. ஆற்றின் வாயை ஒட்டிய சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டி, அதன்மேல் கண்டெய்னர் அடுக்கப் போகிறார்களாம். அனுமதியும் கிடைத்துவிட்டது. குப்பத்தார் சங்கம் அந்த அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டது. மனுவில் மூன்று பெயர்கள். ஊர்த்தலைவர் தேசப்பன், கெங்கம்மா, சங்கச் செயலாளர் ஜெபசிங்.

ஜெபசிங் மீனவர் இல்லை. திருச்செந்தூர் பக்கத்திலிருந்து வந்து, மெயின் ரோட்டில் வலை நரம்பும் கயிறும் மளிகையும் விற்கிற அண்ணாச்சி. குப்பத்துக்கே அவர் கடையில்தான் சாமான். வழக்கு நடத்தும் வக்கீல் பெனிஷா அவருடைய அண்ணன் மகள். அவரும் அவர் வீட்டுப் பெண்ணும் இவ்வளவு மெனக்கெடுகிறார்களே, ஏன் என்று கெங்கம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே ஓர் உறுத்தல். தன் கடை இருக்கும் இடமும் விரிவாக்கத்தின் லாரிப் பாதையில்தான் வருகிறது என்று அவர் சொன்னார். அதையும் அவள் நடந்துபோய் அளவுக்கல்லைப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டாள்.

ஒருநாள் பெனிஷா, கம்பெனி அனுமதி வாங்கக் கொடுத்த ஆய்வறிக்கையைக் கொண்டுவந்து சங்கத்தாருக்குக் காட்டினாள். ஆற்றை மேலேயிருந்து எடுத்த படங்கள். படகு இல்லை, வலை இல்லை, ஒரு மனிதத் தலை இல்லை. இந்தப் பகுதியில் மீன்பிடித் தொழில் நடப்பதாகத் தெரியவில்லை என்று கீழே எழுதியிருந்ததை அவள் தமிழில் படித்துச் சொன்னாள்.  கெங்கம்மா படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். கரையோரத்துக் கொம்பில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

"இது பாடு நாளு," என்றாள். "நம்ம துணி கட்டிக் கீது பாரு."

ஆற்றில் யார் எந்த இடத்தில் கொம்பு ஊன்றி வலை கட்டுவது என்று சில மாதத்துக்கு ஒருமுறை குப்பத்தில் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பார்கள். அந்த இடத்துக்குப் பாடு என்று பெயர். பாடு பிரிக்கிற அன்றைக்குக் கரைக் கொம்பில் சிவப்புத் துணி பறக்கும். அதை அவிழ்க்கும்வரை ஒரு படகும் தண்ணீரில் இறங்கக் கூடாது. எந்த நாள் என்பதைத் தேசப்பன் முதல்நாள் விடியலில், படகு படகாகப் போய்க் காதோடு சொல்வார். மைக் கிடையாது, அறிவிப்பு கிடையாது. முன்னாலேயே வெளியே கசிந்தால் பக்கத்துக் குப்பத்தார் வந்து நல்ல இடத்தில் கொம்பை நட்டுவிடுவார்கள் என்று பயம். வருஷத்தில் இப்படி ஆறு சும்மா கிடக்கிற நாள் சொற்பம். கம்பெனி ஆட்கள் அதில் ஒன்றைப் பார்த்து வந்திருக்கிறார்கள் என்றால், யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

பெனிஷா தீர்ப்பாயத்தில் இதைச் சொன்னாள். கம்பெனி வக்கீல் எழுந்து, உங்கள் ஊருக்குள் காதோடு காதாகப் பேசிக்கொள்வது எங்களுக்கு எப்படித் தெரியும், நாங்கள் போன நாள் அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார். அவர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது என்று காட்டினால் ஆய்வே அடிபடும், காட்டாவிட்டால் வழக்குத் தேறுவது கஷ்டம் என்றாள் பெனிஷா.

அன்றிலிருந்து குப்பத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. புது செல்போன் வாங்கியவன்மேல் சந்தேகம். துறைமுகத்தில் செக்யூரிட்டி வேலை பார்க்கும் மச்சான் இருக்கிறவன்மேல் சந்தேகம். பட்டுப்புடவை கட்டிக் கல்யாணத்துக்குப் போனவள்மேல்கூடச் சந்தேகம். கெங்கம்மாவுக்கு இது கைவந்த தொழில். ராத்திரி பகலாக யோசித்தாள். யோசிக்க யோசிக்க ஒரு சாயங்காலம் ஞாபகத்தில் வந்து நின்றது.

பாடு நாளுக்கு முந்தின சாயங்காலம். விற்றுவிட்டுத் திரும்பும் வழியில் ஜெபசிங் கடையில் சோப்பு வாங்கினாள். அவர் மிச்சக் காசை நீட்டிக்கொண்டே, "நாளைக்கு யாரும் தண்ணிக்குப் போகலியாமே, யக்கா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். மெயின் ரோட்டுக் கடைக்காரருக்கு அது எப்படித் தெரிந்தது? அதுவும் ஆய்வுக்கு வந்தவர்கள் தங்கியிருந்தது காலடிப்பேட்டையில் ஒரு கெஸ்ட் ஹவுஸில். அந்தக் கெஸ்ட் ஹவுஸுக்கு மளிகை போவது இவர் கடையிலிருந்து. கெங்கம்மாவுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. அவள் வாழ்க்கையில் இப்படி விளங்கியதெல்லாம் சரியாகவே இருந்திருக்கிறது. அதனால் மறுபடி யோசிக்க அவசியம் இருப்பதாக அவள் நினைக்கவில்லை.

கங்கையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியபோது எழுந்து நின்று ஜெபசிங்கை நோக்கிக் கையை நீட்டிக் கேட்டாள். "இன்னா அண்ணாச்சி, பாடு நாளு உனக்கு யாரு சொன்னது? நீ அத்த யாருக்குச் சொன்ன?"

ஜெபசிங் அவள் முகத்தையே பார்த்தார். "நான் சொல்லல," என்றார். முதல் கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை. கூட்டம் கவனித்தது அதைத்தான். சங்கத்திலிருந்தும் மனுவிலிருந்தும் அவர் பெயரை எடுத்தார்கள். குப்பத்தில் யாரும் அவர் கடைக்குப் போகக் கூடாது என்று கட்டு விழுந்தது. பெனிஷா மட்டும் வழக்கை விடவில்லை. சித்தப்பாவை விரட்டிய ஊருக்கு இவள் ஏன் இன்னும் வாதாடுகிறாள் என்று கெங்கம்மா அதையும் சந்தேகப்பட்டாள். எண்ணூர் வரை வர வேறு வக்கீல் கிடைக்காததால் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த விசாரணைக்கு முந்தின நாள். மறுநாள் கெங்கம்மாவும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். கெஸ்ட் ஹவுஸ் பின்வாசலில் சமையல்காரர் குமாரவேலுக்குக் கிழங்கானை நிறுத்துப் போட்டுவிட்டு, கூடையைத் தூக்கும்போது வழக்கம்போலச் சொன்னாள்.

"நாளைக்கு மீனு வராது. வேற இன்னாவாச்சும் பாத்துக்கோ."

குமாரவேல் நல்ல மனிதர், வெள்ளந்தி. நீ ஒருத்திதான் இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறாய், மற்றவர்கள் எல்லாம் கழுத்தறுக்கிறார்கள் என்று பாராட்டிவிட்டு மேலே பேசினார். "அன்னிக்குக்கூட நீ சொன்னியேக்கா, ஊரே தண்ணியில எறங்காதுன்னு. சாருங்ககிட்ட நாளைக்கு மீன் இல்ல, முட்டைதான்னு சொன்னேன். கோச்சிக்குவாங்கன்னு பாத்தா, ஒரே குஷி. அப்ப நாளைக்கே போயி படம் எடுத்துறலாம்னு பேசிகினாங்க."

கெங்கம்மா கூடையை மறுபடி கீழே வைத்தாள். வாடிக்கைக்குச் சொல்வது வெளியே சொல்வது என்று அவளுக்கு இதுவரை ஒருநாளும் தோன்றியதில்லை. அன்றைக்கு இந்த வாசலில் தான் சொன்னதுகூட அவளுக்கு ஞாபகமில்லை. மூச்சு விட்டதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? தெருத் தெருவாக, வீடு வீடாகச் சொல்லியிருக்கிறாள். குப்பத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டவள், ஒரே ஒருத்தியை மட்டும் விட்டுவைத்திருந்தாள். 

அங்கிருந்து நேராக ஜெபசிங் கடைக்குப் போனாள். ஊர்க்கட்டை மீறிப் படியேறினாள்.

"நாளைக்குத் தண்ணிக்குப் போகலியான்னு அன்னிக்குக் கேட்டியே, அண்ணாச்சி. உனக்கு யாரு சொன்னது?"

"கெஸ்ட் அவுஸ் சமையக்காரன். முட்டை வாங்க வந்தான். மீன்காரம்மா சொல்லிட்டுப் போச்சுன்னான்."

"அத்த ஊர்ல சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா யாரு நம்புவா? உங்க எல்லாருக்கும் நான் ஊர்விட்டு வந்தவன்தான்." ஜெபசிங் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அதுபோக, நீங்க கம்பெனிக்காரன்கிட்ட கைநீட்டிக் காசு வாங்கிட்டியன்னு நெனச்சேன். அதை மறைக்கத்தான் என்னையக் காட்டுதியன்னு."

"இத்தினி நாளா என்னை அப்படியா நெனச்சிகினு இருந்த?"

"நீங்க என்னைய நெனைக்கலியா?"

குமாரவேல் சொன்னதை அவள் அப்படியே அவரிடம் சொன்னாள். ஜெபசிங் போன் போட்டுப் பெனிஷாவிடம் விஷயத்தைச் சொன்னார். கம்பெனி ஆட்களுக்கு முன்னாலேயே தெரியும் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம், ஆனால் குமாரவேல் வேலையை விட்டுவிட்டுச் சாட்சி சொல்ல வரமாட்டார், கெங்கம்மாதான் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள் பெனிஷா. அந்தப் பத்திரத்தை ஊரில் எல்லோரும் படிப்பார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். கெங்கம்மா வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணாச்சி சொன்னாலும் ஊர் நம்பாது. ஆனால் அனுமதி ரத்தாகாது, மண் விழும், அசோகனுக்குக் கொம்பு நட ஆறு இருக்காது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பத்திரம் நாளைக்குப் போடட்டும். மொதல்ல ஊரு என் வாயால கேக்கட்டும்," என்றாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் கோயில் முன்னால் ஊரைக் கூட்டச் சொன்னாள். ஜெபசிங்கையும் கையோடு கூட்டிப்போனாள். அன்றைக்கு அவரை நிறுத்திய அதே இடத்தில் தான் போய் நின்றாள்.

"பாடு நாள வெளிய சொன்னது அண்ணாச்சி இல்ல, நான். காசு வாங்கிச் சொல்லல. வாடிக்கைக்குச் சொல்றாப்பல சொல்லிட்டேன். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தேசப்பன் பெரியவர்களோடு தள்ளிப்போய்ப் பேசிவிட்டு வந்தார். அண்ணாச்சி மேலிருந்த கட்டு நீங்கியது. ரகசியத்தை வெளியே விட்ட வீட்டுக்கு இந்தச் சுற்று பாடு கிடையாது என்று முடிவாயிற்று. அதாவது அசோகனுக்குக் கிடையாது. அசோகன் எழுந்து அம்மாவைப் பார்க்காமலே போய்விட்டான். அந்தச் சுற்று முழுவதும் இன்னொருவன் வலையில் கூலிக்குப் போனான், அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

தீர்ப்பாயத்தில் கம்பெனி வக்கீல் அந்தப் பத்திரத்தைக் கட்டுக்கதை என்றார். ஆனால் பதில் மனுவில் படம் எடுக்க முடிவு செய்த தேதியை மாற்றி மாற்றிச் சொல்லிக் கம்பெனிக்காரர்கள் தாங்களே மாட்டிக்கொண்டார்கள். எல்லாப் பருவத்திலும் புதிதாக ஆய்வு செய்ய வேண்டும், அதுவரை ஆற்றங்கரையில் ஒரு கூடை மண் விழக்கூடாது என்று உத்தரவு வந்தது. குப்பத்தில் பட்டாசு வெடித்தார்கள். ஜெபசிங்குக்கு மாலை போட்டார்கள், பெனிஷாவுக்குச் சால்வை போட்டார்கள். கெங்கம்மாவுக்கும் ஒரு கேசரித் தட்டு வந்தது. அதைக் கொடுத்தவள் உடனே நகர்ந்து போனாள்.

அடுத்த பாடு நெருங்கியது. ஒரு விடியலில் ஏலம் நடக்கும் இடத்தில் கெங்கம்மா உட்கார்ந்திருந்தபோது, தேசப்பன் படகு படகாகக் குனிந்து ஏதோ பேசிக்கொண்டு வந்தார். அவளருகே வந்தபோது நடை கொஞ்சம் தயங்கியது. "இன்னா கெங்கம்மா, மடவை நல்லா கீதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த படகுக்குப் போனார். அவளுக்கு லேசாக உறுத்தியது. வலை விலையைப் பற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு காலடிப்பேட்டைக்குப் போனாள். நாளைக்கு மீன் உண்டா என்று குமாரவேல் கேட்டதற்கு, உண்டு, கட்டாயம் வருவேன் என்றாள். சாயங்காலம் ஜெபசிங் கடையில் சோப்பு வாங்கினாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பாக்கிச் சில்லறையை மட்டும் கையில் வைத்தார். வீட்டில் அசோகன் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டான்.

மறுநாள் விடியலில் கூடையோடு ஆற்றங்கரைக்குப் போனாள். படகுகள் எல்லாம் மணலில் வரிசையாகக் கிடந்தன. கொம்பில் சிவப்புத் துணி பறந்துகொண்டிருந்தது. மீன் வாங்க வந்திருந்தது அவள் ஒருத்திதான்.

 யாரைத் திட்டுவது என்று தேடினாள். தேசப்பன், அண்ணாச்சி, பெற்ற மகன் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். அவர்கள் இடத்தில் அவள் இருந்திருந்தால் அவளும் சொல்லியிருக்க மாட்டாள். அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். காலடிப்பேட்டையில் மசாலா அரைத்து வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருப்பார்கள்.