மொட்டை மாடியில் ஒரு மாட்டு வயிறு

திருப்போரூர் தாண்டி எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. எல்லோரும் வாங்குகிறார்களே என்று நாங்களும் எப்போதோ வாங்கிப்போட்டது. வருடத்துக்கு ஒருமுறை போய், வேலி அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவோம். போன தடவை அப்படிப் போயிருந்தபோதுதான் கவனித்தேன், கரன்ட் கம்பி அந்தப் பக்கம் இன்னும் வரவே இல்லை. வராவிட்டால்தான் என்ன என்று தோன்றியது. வெயிலை வைத்து விளக்கு, மழைத்தண்ணீருக்குத் தொட்டி, ஒரு கிணறு, நாலு பாத்தி கீரை, அடுப்புக்கு நாமே தயாரிக்கும் வாயு. எதற்கும் யாரையும் எதிர்பார்க்காமல் இரண்டு பேர் இருந்துவிட முடியுமா? திரும்பி வரும் வழியெல்லாம் இதையே பேசிக்கொண்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் பிறந்தது, படித்தது, வேலை பார்த்து ஓய்வு பெற்றது எல்லாமே மயிலாப்பூரைச் சுற்றித்தான். அடையாறு பாலத்தைத் தாண்டினாலே அவருக்கு வெளியூர் போன களைப்பு வந்துவிடும்.

“மிக்ஸி இல்லாம சட்னி எப்படி?” என்றார்.

“நீங்க அம்மில அரைப்பீங்க.”

“ஃபேன்?”

“அங்க கடல் காத்து வரும்.”

“எது வந்தாலும் வராட்டியும் காலைல காபி வரணுமே.”

இப்படிக் கேலியாகவே பல நாள் ஓடியது. அந்த நிலத்தை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்று ஒரு தரகர் வேறு ஓயாமல் ஃபோன் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் அவரிடம் பேசி முடித்ததும் இவர் ஒரு நிபந்தனை போட்டார். “இங்கயே, நம்ம மாடியிலயே, சிலிண்டர் இல்லாம தினமும் காபிக்குப் பால் காய்ச்சிக் காட்டு. பொங்கலன்னைக்கும் அதே நெருப்புல பால் பொங்கணும். பொங்கிச்சுன்னா அங்க வீடு கட்டலாம். இல்லன்னா நிலத்தைக் குடுத்துட்டு நிம்மதியா இருப்போம்.” முடியாது என்று நினைத்துத்தான் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

சமையலறைக் கழிவிலிருந்து வாயு எடுக்கும் டிரம் ஒன்றை வாங்கினேன். பெரிய டிரம்முக்குள் சற்றுச் சின்ன டிரம்மைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இருக்கும். உள்ளே வாயு சேரச்சேர மேல் டிரம் தானாக உயரும். நாங்கள் கடைசி மாடியில் இருந்ததால் மொட்டை மாடியிலிருந்து சமையலறைக்குக் குழாய் இழுப்பது சுலபமாக இருந்தது. குடியிருப்பில் மற்றவர்களுக்கு ஒரே ஒரு கவலைதான், வடாம் காயப்போட்டால் நாற்றம் ஏறுமா என்று. ஏறாது என்று தைரியமாகச் சொன்னேன். அப்போது எனக்கே தெரியாது.

டிரம்முக்கு முதல் சாப்பாடு சாணம். மாட்டின் வயிற்றில் தீனியைச் செரிக்க வைக்கும் அதே கிருமிகள்தான் இங்கேயும் வேலை செய்ய வேண்டும் என்று படித்திருந்தேன். மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் மாடு வைத்துப் பால் கறப்பவர் இருக்கிறார். பக்கெட்டோடு போய் நின்றேன்.

“இன்னாம்மா, வாசல் தெளிக்கவா இவ்ளோ சாணி?”

“இல்லைங்க, அடுப்பு எரிக்க.”

“வரட்டி தட்டப் போறியா மாடில?”

“டிரம்ல கரைச்சு ஊத்தினா கேஸ் வரும்.”

“மாடு இங்க கீது, கேஸ் உன் வூட்ல வருதா? நல்லா கீதே கதை,” என்று சிரித்தார். ஆனாலும் பக்கெட்டை நிரப்பிக் கொடுத்தார். ஆட்டோவில் அதை மடியோடு அணைத்துக்கொண்டு வந்தபோது ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அதன் பிறகு காத்திருப்புத்தான். தினமும் மாடிக்கு ஓடி, மேல் டிரம் அசைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் உண்மையாகவே உயர்ந்திருந்தது. முதலில் வந்த வாயு எரியவில்லை. அது எரியாது, வெளியே விட்டுவிட வேண்டும் என்று அதையும் படித்திருந்தேன். அடுத்தடுத்த நாட்களில் தீக்குச்சியைக் காட்டினால் பக்கென்று பற்றி அணைந்தது. பிறகு ஒரு காலையில் அணையாமல் நின்றது. சத்தமே இல்லாத நீல நெருப்பு. நேற்றைய கத்தரிக்காய்க் காம்பும் வாழைப்பழத் தோலும் எரிகின்றன என்று நினைக்க நினைக்க எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பால் காய்ந்தது. காபியை அவரிடம் நீட்டினேன்.

“காபி மாதிரிதான் இருக்கு,” என்றார். அவரிடமிருந்து வந்ததற்கு அது பெரிய பாராட்டு.

எனக்கோ அந்த டிரம் ஒரு வேடிக்கையாகிவிட்டது. இதற்கு என்ன பிடிக்கும்? சோறு வடித்த கஞ்சி ஊற்றினால் அடுத்த நாள் டிரம் நன்றாக ஏறுகிறது. வெங்காயத் தோல் அதற்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கீரைத் தண்டை ஆற அமரத்தான் தின்கிறது. பிள்ளை வளர்க்கிறவள் மாதிரி எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். இவர் எதையும் கேட்டுக்கொள்ளாதவர் போலப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஆனால் கழிவு வாளியை மாடிக்கு எடுத்துப் போகும் வேலையை மட்டும் எப்படியோ அவரே எடுத்துக்கொண்டார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், படி ஏறினால் நல்லது என்றார். நானும் நம்பினேன்.

மார்கழி பிறந்தது. தெருவில் கோலமும் சபாக்களில் கச்சேரியும் கேன்டீன் சாப்பாடுமாக ஊரே நிறைந்திருந்தபோது என் நெருப்பு மெலிந்தது. முதலில் பால் காய அதிக நேரம் எடுத்தது. பிறகு தீக்குச்சியை எத்தனை தடவை காட்டினாலும் பற்றவில்லை. விசித்திரம் என்னவென்றால், மேல் டிரம் முன்பைவிட உயரமாக ஏறி நின்றது. உள்ளே வாயு நிறைய இருக்கிறது, எரிய மாட்டேன் என்கிறது. பனியாக இருக்குமோ என்று கோணியால் போர்த்திவிட்டேன். குழாயில் தண்ணீர் அடைத்திருக்குமோ என்று கழற்றி உதறினேன். ஒன்றும் நடக்கவில்லை. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது, தரகர் மறுபடி ஃபோன் செய்தார். அந்த நிலத்தில் வேறு யாரோ வீடு கட்டுவதை நினைத்துக்கொண்டே இன்னொரு தீக்குச்சியை உரசினேன்.

கடைசியில் டிரம்மிலிருந்து வழியும் கழிவு நீரைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தேன். இதுவரை அது மண் வாசனைதான் அடித்தது. இப்போது வேறு ஏதோ, எனக்கு மிகவும் தெரிந்த வாசனை. யோசித்துக்கொண்டே கீழே வந்து, டிபனுக்காக ஃப்ரிட்ஜைத் திறந்து மாவுப் பாத்திரத்தின் மூடியை எடுத்தேன். அதே வாசனை. நாலு நாள் வர வேண்டிய மாவு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவர் வாளியோடு படி ஏறியதும் சத்தமில்லாமல் பின்னால் போனேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, துண்டுக்கடியில் மறைத்துக் கொண்டுவந்த கிண்ணத்திலிருந்து இட்லி மாவை டிரம்முக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டியால் வழித்து ஊற்றினார், ஒரு சொட்டு வீணாக்காமல்.

“என்ன பண்றீங்க?”

திடுக்கிட்டுத் திரும்பியவர் கிண்ணத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. “வேணாம்னா நேரா சொல்லியிருக்கலாமே. இப்படிப் புளிச்ச மாவ ஊத்திக் கெடுக்கணுமா?”

“கெடுக்கவா?” என்றார். முகம் வாடிப்போயிற்று. “புளிச்ச மாவு எப்படிப் பொங்கி வருது. ராத்திரி வச்சா காலைல மூடியவே தள்ளுது. அதை ஊத்தினா கேஸும் அப்படிப் பொங்கி வரும்னு நினைச்சேன். டிரம்மும் ஏறுச்சு பாரு. அதான் தினமும் கொஞ்சம் சேர்த்து ஊத்தினேன்.”

இட்லி தின்று வளர்ந்தவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய கணக்கு அது. புளிப்பு ஏறினால் எரியும் வாயுவைத் தருகிற கிருமிகள் செத்துவிடும், எரியாத வாயுதான் டிரம்மைத் தூக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே அன்று மத்தியானம் புத்தகத்தைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது. ஆனால் மாடியில் நின்ற அந்த நேரத்தில் அவர் சொன்ன விளக்கம் எனக்குக் காதில் ஏறவில்லை.

“கேஸ் வந்தா அங்க போகணுமே. உங்களுக்குத்தான் பிடிக்காதே?”

“யார் சொன்னது?” கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அவ்வளவு கேலி பண்ணிட்டு, வரேன்னு எப்படிச் சொல்றது?”

புதுச் சாணம் கரைத்து ஊற்றி, கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு, டிரம்மைப் பட்டினி போட்டேன். கெட்ட வயிறு தேறக் காலம் பிடிக்கத்தானே செய்யும். பொங்கலன்று தீக்குச்சியைக் காட்டினேன். பற்றவில்லை. சிலிண்டர் அடுப்பில்தான் பால் பொங்கியது. நிபந்தனையில் தோற்றுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தரகர் ஃபோன். வாழ்த்துச் சொல்லிவிட்டு, நல்ல நாளாக இருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று அவர் கேட்பது எனக்கே கேட்டது. இவர் காபியை ஒரு வாய் குடித்தார்.

“நிலம் கொடுக்கிறதா இல்லீங்க,” என்றார். “அங்க நாங்க குடி போறோம்.”

ஃபோனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஆனா ஒண்ணு. அங்க மாவு அரைக்கிற வேலை என்னோடது. அரைச்ச மாவை நீ பூட்டி வச்சுக்கோ.”