நான்கு நாள் தாமதம்

அலுவலகத்தின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில், முதல் பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு இரண்டாவதைத்தான் அவள் எப்போதும் முதலில் நிரப்புவாள். 'இந்த ஆண்டு எதில் பின்தங்கினீர்கள்?' என்று கேட்கும் பெட்டி அது. "நம்ம குறையை எழுத யோசிக்கவே வேணாம், கை தானா ஓடும்" என்பாள். அப்புறம் மூன்றாவது, 'வரும் ஆண்டின் இலக்குகள்.' போன வருடத்துப் படிவத்தைத் திறந்து ஒரு வரியை அப்படியே எடுத்து அங்கே ஒட்டுவாள்: 'எடை பதியும் பக்கத்தை முதலிலிருந்து புதிதாக எழுத வேண்டும்.' ஏழு வருடமாக அதே வரி. எதிரே 'பிறகு பார்க்கலாம்' என்று மேலாளர் எழுதுவதும் ஏழு வருடமாக அப்படியே. 'என்ன சாதித்தீர்கள்?' என்ற முதல் பெட்டிக்குக் கடைசியில்தான் வருவாள். வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள்.

வயது நாற்பத்து நான்கு. பதினாறு வருடமாக ஒரே நிறுவனம், ஒரே மென்பொருள். மருத்துவமனையில் நர்ஸ் குழந்தையின் எடையைத் தட்டினால், எந்த மருந்து எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டுச் சொல்லும். அதன் வயிற்றுக்குள் எந்த மூலையில் என்ன கிடக்கிறது என்று முழுக்கத் தெரிந்தவள் இப்போது அவள் ஒருத்திதான். பிறர் எழுதிய நிரலைத் திட்டமாட்டாள். "பாவம், யாரோ அவசரத்துல எழுதியிருக்காங்க" என்பாள். தேடிப் பார்த்தால் சில சமயம் அந்த யாரோ அவளாகவே இருக்கும். அப்போது மட்டும் வாய்விட்டுத் திட்டுவாள். எவராவது மேசைக்கு ஓடிவந்தால், "அவசரமா, பயமா?" என்று கேட்பாள். "பயம்னா உக்காருங்க, பேசலாம். அவசரம்னா மெயில் போடுங்க."

பக்கத்துக் குழுவில் ஒருவர் இருக்கிறார். அவளைவிட ஆறு வருடம் இளையவர், அலுவலகம் முழுக்க அவருக்குத் 'தீயணைப்பு' என்று பெயர். சொன்ன தேதிக்கு வேலையை அனுப்பிவிடுவார். போன இடத்தில் அது படுத்துவிடும். மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து எழுப்பி நிறுத்துவார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுவார்கள். போன வருடம் பதவி உயர்வு அவருக்குத்தான் வந்தது. அவளும் எழுந்து நின்று கை தட்டினாள். மனசார இல்லை. "பத்த வெச்சவருக்குத்தான் நெருப்பு எங்க இருக்குன்னு சீக்கிரம் தெரியும்" என்று அன்று வீட்டில் சொன்னாள்.

ஏப்ரலில் நடந்தது இது. புதிதாகச் சேர்ந்த ஒரு மருத்துவமனைக்கு வெள்ளிக்கிழமை மென்பொருளை அனுப்புவதாகப் பேச்சு. வியாழக்கிழமை மதியம், அந்த மருத்துவமனை அனுப்பியிருந்த பழைய பதிவுகளை அவள் சும்மா புரட்டிக்கொண்டிருந்தாள். அங்கே எடையைப் புள்ளி வைத்து எழுதுவதில்லை, '2,8' என்று காற்புள்ளி வைத்து எழுதுகிறார்கள் என்று கண்ணில் பட்டது. அதே மாதிரி ஒன்றைத் தட்டிப் பார்த்தாள். அவள் ஏழு வருடமாக மாற்றச் சொல்லி வந்த பக்கம், காற்புள்ளியை விழுங்கிவிட்டு, இரண்டே முக்கால் கிலோ சொச்சம் இருக்கும் பச்சைக்குழந்தையை இருபத்தெட்டு கிலோ என்று படித்தது. கீழே மருந்தின் அளவும் பத்து மடங்காக, பச்சை நிறத்தில், 'சரி' என்ற அடையாளத்தோடு வந்தது.

மேலாளர் முதலில் கெஞ்சினார், பிறகு குரலை உயர்த்தினார். வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டுத் திங்கட்கிழமை திருத்திக்கொள்ளலாம், அதற்குள் யாரும் பயன்படுத்தப் போவதில்லை என்றார். அவள் அனுப்பும் பொத்தானை அழுத்த மறுத்துவிட்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து சரிசெய்து, செவ்வாய்க்கிழமைதான் அனுப்பினாள். எந்தக் குழந்தைக்கும் எதுவும் ஆகவில்லை. அதனாலேயே எவருக்கும் தெரியவும் இல்லை. மேலே போன அறிக்கையில் ஒரே ஒரு வரி இருந்தது: 'நான்கு நாள் தாமதம், தொழில்நுட்பச் சிக்கல்.'

அவள் கணவர் பஸ் ஓட்டுகிறார். ஆண்டுப் படிவம் வந்த அன்று, ஏப்ரல் கதையை அதில் எழுதலாமா என்று அவரிடம் கேட்டாள். "நானும் பத்தொம்பது வருஷமா பஸ்ஸைக் கவுக்கல. எவனாவது வந்து கை குலுக்கினானா?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வருடா வருடம் தவறாமல், இன்னும் அதே போஸ்ட்தானா அண்ணி என்று விசாரிக்கும் நாத்தனாரின் முகம் நினைவுக்கு வந்தது. வெளியே வேறு வேலைக்கு இந்த வருடம் இரண்டு இடத்தில் போய்ப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. இரண்டு இடத்திலும், ஏன் இத்தனை வருடம் ஒரே இடத்தில் இருந்தீர்கள் என்று ஏதோ உடம்புக்கு வந்த நோயை விசாரிப்பதுபோலக் கேட்டார்கள்.

பதினாறு வருடத்தில் முதல் முறையாக அன்று தண்ணீர் குடிக்க எழாமல் முதல் பெட்டியை நிரப்பினாள். 'ஏப்ரலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து நிறுத்தினேன். அது வெளியே போயிருந்தால் பச்சைக்குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து போயிருக்கும்.'

மறுவாரம் மேலாளர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கசந்தது. காபி வாங்கி வைத்திருந்தார். படிவம் அவருடைய லேப்டாப்பில் திறந்திருந்தது. மூன்றாவது பெட்டியில் அவளுடைய ஏழு வருட வரியைக் காணோம். 'அனைத்து வெளியீடுகளும் குறித்த தேதியில், நூறு சதவீதம்' என்று அவரே எழுதியிருந்தார்.

"முதல் பெட்டியில இந்த வரி வேணாமே. நாளைக்கு ஆடிட்டுக்கு வர்றவங்க படிச்சா, இப்படியெல்லாம் நடக்கற சாஃப்ட்வேரான்னு கேப்பாங்க."

"நடக்கலையே."

"அதைத்தான் நானும் சொல்றேன். நடக்காத ஒண்ணுக்கு நான் எப்படி மார்க் போடறது?"

அப்படியானால் அந்த நான்கு நாள் தாமதத்தையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். அது மேலே போய்விட்டது, இனி தன் கையில் இல்லை, அதனால் மதிப்பெண்ணில் ஒரு படி குறையத்தான் செய்யும் என்றார்.

"அப்ப தாமதம் இருக்கும். காரணம் இருக்காது."

அவர் காபிக் கோப்பையைக் கொஞ்சம் நகர்த்திவைத்தார். படிவங்களை மதியத்துக்குள் மூடியாக வேண்டும், இங்கேயே அழித்துவிட்டால் நல்லது என்று சொல்லி, லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார்.

விசைப்பலகையில் அவள் விரலுக்குத் தெரியாத குறுக்குவழி எதுவும் கிடையாது. ஒரு முழுப் பத்தியைக் கண் இமைப்பதற்குள் இல்லாமலாக்கிவிடுவாள். இப்போது வரியின் கடைசியில் போய் நின்று, ஒற்றை விரலால் ஓர் எழுத்தை அழித்தாள். அது மறைந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த எழுத்து. பிறகு அதற்கு முந்தியது. மேலாளர் எழுந்து கதவுப் பக்கம் போய்த் திரும்பி வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. 'போயிருக்கும்' போனது. 'மருந்து' போனது. 'பச்சைக்குழந்தைக்குப் பத்து மடங்கு' என்ற இடத்துக்கு வந்ததும் விரலை எடுத்தாள். லேப்டாப்பை மெல்ல அவர் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.