தொடாதேக்கா துடைக்காத லென்ஸ்

நூலகத்தின் மூன்று மாடிகளையும் பெருக்கித் துடைக்கிற அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளப் பட்டியலைத் தவிர அதற்கு வேறெங்கும் வேலையில்லை. எல்லோருக்கும் அவள் தொடாதேக்கா. மொட்டைமாடி அறையிலிருக்கும் தொலைநோக்கி பக்கம் யார் கை நீண்டாலும் முதலில் எழும் குரல் அவளுடையது. தரை, ஜன்னல், கழிப்பறை எல்லாம் பளிச்சென்று இருக்கும். தொலைநோக்கியின் முன் லென்ஸில் மட்டும் லேசாகத் தூசு படிந்திருக்கும். அதை அவள் வேண்டுமென்றேதான் விட்டு வைத்திருந்தாள்.

புதிதாக வந்த நூலகருக்கு அது கண்ணை உறுத்தியது. சனிக்கிழமை மேலதிகாரி நிலா பார்க்க வருகிறார், நன்றாகத் துடைத்து வை என்றார். அவள் முடியாது என்றாள். கொஞ்சம் தூசால் நிலா மறைந்துவிடாது. அழுத்தித் துடைத்தால் அந்தத் தூசே உப்புத்தாள் மாதிரி கண்ணாடியைக் கீறிவிடும். ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடிக்கலாம், மெத்தென்ற பிரஷால் தட்டிவிடலாம். வாயால்கூட ஊதக்கூடாது, எச்சில் தெறிக்கும்.

"ஏம்மா, துடைக்கிறதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?"

"துடைக்கக்கூடாததைத் துடைக்காம இருக்கறதுக்கும் சேர்த்துத்தான், சார்."

அவருக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமை ஏதாவது கோளாறு என்றால் அவளிடமிருக்கும் மாடி அறைச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். சாவி போனால் அடுத்து வருகிறவர் ஈரத்துணியோடு வருவார், லென்ஸின் கதை அத்தோடு முடிந்தது.

பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர், சொன்னதைச் செய்துவிட்டுப் போயேன், உனக்கென்ன வந்தது என்றார். பிரேக் பிடிக்காத பஸ்ஸை மேலதிகாரி சொன்னார் என்பதற்காக எடுப்பீர்களா என்று கேட்டாள். மனிதர் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையே நூலகர் ஒரு காரியம் செய்தார். வெயில் படாமல் பத்திரமாக இருக்கட்டும் என்று தொலைநோக்கியைத் தன் ஏசி அறைக்கு இறக்கினார். அவள் வேண்டாமென்று சொல்லியும் எடுபடவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு, அரை நிலா வெளுப்பாக நிற்கையில், அதை மாடிக்கு ஏற்றி மூடியைத் திறந்தார்கள். சில்லிட்டிருந்த லென்ஸில் புழுக்கக் காற்று பட்டதும் குப்பென்று ஆவி படிந்தது. மேலதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, ஒரே வெள்ளையாக இருக்கிறதே என்றார்.

நூலகர் கைக்குட்டையை உருவினார். தொடாதேக்கா தொலைநோக்கிக் குழாயின் வாய்க்குக் குறுக்கே கையை வைத்தாள். வெறும் ஆவிதான், கால் மணி நேரத்தில் தானே போய்விடும் என்றாள். அவர் கையை எடு என்றார். அவள் எடுக்கவில்லை. மற்ற கையால் இடுப்பிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேலதிகாரியிடம் நீட்டினாள். உள்ளே, கண் வைத்துப் பார்க்கும் பக்கத்தில் மாட்டுகிற சின்ன லென்ஸ் ஒன்று இருந்தது.

"இது நான் கெடுத்தது, சார். வேலைக்குச் சேர்ந்த மாசம் சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சேன். ஒன்பது வருஷமா யார்கிட்டயும் சொல்லலை, வீட்டுக்காரர்கிட்டகூட. வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. பெரிசும் இப்படி ஆகணும்னா துடைக்கச் சொல்லுங்க."

மேலதிகாரி பிடித்துப் பார்த்தார். கண்ணாடி முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். நூலகரின் கைக்குட்டை பைக்குள் போனது. எல்லோரும் வெட்டியாக நின்றார்கள். கால் மணி நேரத்தில் ஆவி ஓரத்திலிருந்து கலைந்தது. பிறகு மேலதிகாரி நிலாவின் குழிகளைப் பார்க்கக் குனிந்தவர்தான், அடுத்தவருக்கு இடமே விடவில்லை. தூசு இருந்ததாக அவர் கண்ணில் படவும் இல்லை.

நூலகர் சும்மா விடுவாரா? திங்கட்கிழமை மெமோ வந்தது: நூலகப் பொருளைச் சேதப்படுத்தியதற்கு எழுத்தில் விளக்கம் தரவும். அவள் அங்கேயே, அவர் மேசை முன்னாலேயே உட்கார்ந்து எழுதினாள்.

"சின்ன லென்ஸைக் கெடுத்தது நான்தான். தண்டனை எதுவானாலும் சரி. பெரிய லென்ஸை ஒன்பது வருடமாக நான் துடைக்கவில்லை. இனியும் துடைக்க மாட்டேன், யாரையும் துடைக்க விடவும் மாட்டேன்."

அடியில், பெற்றவர்கள் வைத்த பேரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மாடியேறினாள்.