ஐரிஸுக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் வீட்டு வளவில் காட்டு ஐரிஸ் நின்றது. பெரியகல்லாற்றில் வேறு எவருடைய வளவிலும் நான் அதைக் கண்டதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் வெறும் மணல். ஆசையாக ரோசா வைத்தவர்கள் எல்லாம் சட்டியைக் கவிழ்த்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போன ஊர் இது.

நான் மரக்கறி லொறி ஓட்டியவன். வெலிமடைப் பக்கம் கரட் ஏற்றப் போகும் ஒரு தோட்டத்தில், வேலியோரம் முழுக்க இந்தச் செடி நின்றது. நீளமான, விறைப்பான இலைகள். முதல்முறை அதன் பூவைக் கண்டபோது லொறியை விட்டு இறங்கி நின்று பார்த்தேன். பூப் பார்க்கிற ஆளில்லை நான். வெள்ளை இதழ்களில் மஞ்சள் கீற்று, நடுவே இளம் ஊதா. தோட்டக்காரப் பெண் ஒரு குத்தைக் கிழங்கோடு தோண்டி உரப்பையில் போட்டுத் தந்தாள். ஆபிரிக்காவில் இது காட்டுச் செடியாம்.

"தண்ணி கேக்காதுங்க. வெயில்ல விட்டுருங்க, போதும். தண்டை மட்டும் வெட்டிறாதீங்க, அதே தண்டுல திரும்பப் பூக்கும்" என்றாள்.

வீட்டில் நல்ல வரவேற்பு. "ஊரில பன்னுக்குப் பஞ்சமெண்டா மலையில இரிந்து ஏத்தி வந்தயள்?" என்று மனைவி கேட்டாள். வாவிக்கரையில் பாய் இழைக்க வெட்டுகிற பன்புல்லுக்கும் இதற்கும் பூக்கும்வரை பெரிய வித்தியாசம் தெரியாதுதான். அடுத்த வளவுப் பெண்களிடமும், "எங்கட மனிசன் லொறியில புல்லு யாவாரம் தொடங்கிற்றார்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது ஒன்றும் ஊருக்குப் புதினமில்லை.

அடுத்த வருஷம் முதல் பூ வந்தது. அதற்குப் பிறகு செடி அவளுடையதாகிவிட்டது. பூ காலையில் விரிந்து பின்னேரம் சுருங்கிவிடும். அதனால் விடிந்தவுடன் முகம்கூடக் கழுவாமல் வளவுக்குப் போவாள். பூத்திருந்தால் உள்ளே வந்து என்னை உலுக்கி எழுப்புவாள். பூக்காவிட்டால் தேநீர் கொஞ்சம் பிந்தித்தான் வரும். நான் ஏதோ அக்கறையில் வாளியோடு போனால் மறித்துவிடுவாள். "என்னத்துக்கு அதை நனைக்கிறயள்? தன்ட பாட்டில நிக்கட்டும்." கச்சான் காற்று மணலை வாரியடிக்கிற மாதங்களில் ஊரிலுள்ள பச்சையெல்லாம் கருகிப்போகும். இது மட்டும் நிற்கும். பக்கத்து வீட்டு ஆடு ஒருமுறை வாய் வைத்துவிட்டது என்று கடற்கரை வரைக்கும் அதைத் துரத்திக்கொண்டு ஓடினேன். ஊர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. இரத்தம் சுத்திகரிக்கக் கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். எங்கள் ஒரே மகள் அந்தச் செலவுக்கென்றுதான் கட்டார் போனாள், ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலைக்கு. செடி வந்த நாள்முதல் அவள் வெளியூர்த் தையல் ஆலையில் தங்கி வேலை செய்தவள், பூவைப் பற்றித் தாய் போனில் சொல்லக் கேட்டதோடு சரி. தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும், கூடினால் நெஞ்சில் ஏறிவிடும் என்று டொக்டர் என்னிடம்தான் சொன்னார். அதனால் அளக்கிற வேலை எனக்கு வந்தது. ஒரு வேளைக்குச் சின்ன வெள்ளிப் பேணி நிறையத்தான் தண்ணீர். வைகாசி வெயிலில் ஓடு கொதிக்க, அவள் அந்தப் பேணியையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பாள். அவளுக்கு முன்னால் தண்ணீர் குடிக்க எனக்கு மனம் வராது. கிணற்றடிக்குப் போய் மறைவாகக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன். அவளுக்கு அதுவும் தெரியும்.

"உங்கட புல்லப் போல என்னையும் காயப் போடுறயள்" என்று ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தத் தண்ணீர்க் கதையெல்லாம் மகளுக்குச் சொல்லக் கூடாது என்பது மனைவியின் கட்டளை. "அங்க தனியக் கிடந்து அழுவாள். மருந்தில சுகமெண்டு சொல்லுங்க." அப்படியே சொன்னேன்.

கடைசிநாள் காலையிலும் தண்ணீர் கேட்டாள். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். பஞ்சைப் பல்லால் பிடித்து உறிஞ்சிவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றாள். "வேணா கா, டொக்டர் ஏசுவார்" என்றேன். மத்தியானத்துக்குள் போய்விட்டாள். முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த பெண்ணிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான். டொக்டர் சொன்னது சரி, நான் செய்ததும் சரி. அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வேலைக்கு வைத்திருந்தவர்கள் மகளை அனுப்பவில்லை. செத்தவீட்டைப் போனில் பார்த்தாள். ஒப்பந்தம் முடிந்து அவள் வந்து சேர்ந்தபோது எல்லாக் கிரியைகளும் முடிந்திருந்தன. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தாயின் வீடு, வளவு, கிணறு எல்லாம் இனி அவளுடையவை. ஆனால் வந்தவள் வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை, பேசவும் இல்லை. தாய் படுத்திருந்த கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ எழுந்து வந்து, "அம்மாட பூ எது அப்பா?" என்றாள்.

காட்டினேன். பூவில்லாத காலம். இலை நுனிகள் பழுப்பாக இருந்தன. அது அப்படித்தான் இருக்கும்.

"என்னப்பா இது, இப்பிடிக் காஞ்சு கிடக்கு!" என்று கிணற்றடிக் குழாயில் ரப்பர் பைப்பைப் பூட்டி இழுத்து வந்தாள். தண்ணீர் விழ விழ அவள் முகம் கோணிக்கொண்டு போனது. "அம்மாட வாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த நான் குடுத்து வைக்கல்ல. இதுக்காவது ஊத்திறன்."

கடைசி நேரத்தில் பிள்ளையின் கையால் வாயில் தண்ணீர் விழ வேண்டுமென்பது எங்கள் ஊரில் ஒவ்வொரு தாயும் எதிர்பார்ப்பது. ஒவ்வொரு பிள்ளையும் அதற்குக் கடன்பட்டதுபோல்தான். வேண்டாம் மகள், அதற்குத் தண்ணீர் ஆகாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். 'வேண்டாம்' என்ற சொல் வரவில்லை. இன்னொருமுறை இந்த வீட்டில் தண்ணீரை மறிக்கிறவன் நானாக இருக்க என்னால் முடியவில்லை.

அன்றிரவு அவள் சோறு கேட்டுச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் பைப்போடு நின்றாள். தண்ணீர் ஓட ஓட ஏதோ பேசுவாள். கட்டாரில் பார்த்த பிள்ளையைப் பற்றி, அங்கே சாப்பிட்டதைப் பற்றி, தாயிடம் சொல்ல விட்டுப்போன எல்லாவற்றையும். நான் கேட்காமல் இருப்பதற்காக வாவிக்கரைக்குப் போய் இருந்துவிடுவேன். ஒருநாள் மட்டும், "மழை வரும்போல கிடக்கு மகள், இண்டைக்கு ஊத்தாட்டியும் பரவால்ல" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"மழை பெஞ்சா பெய்யட்டும் அப்பா. அது மழை குடுக்கிற தண்ணி" என்றாள்.

ஒரு குத்தையாவது காப்பாற்றலாம் என்று பிரித்து, குசினிக்குப் பின்னால் ஓலைக் குவியலுக்கு அங்கால் நட்டு வைத்தேன். இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, இஞ்சயும் ஒண்டு முளைச்சிரிக்கு!" என்று கூப்பிட்டுக் காட்டினாள். ஊருக்கு வந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பைப் அங்கேயும் போனது.

மணல் எல்லாத் தண்ணீரையும் குடித்துவிடுகிறது என்பது அவளுடைய அடுத்த கவலை. வாவிக்கு அங்கால், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல்வட்டையிலிருந்து கறுத்த மண் சில மூட்டை எடுப்பித்தாள். கிழங்கு மூடக் கொட்டி, வயலுக்குக் கட்டுவதுபோல் சுற்றிவர வரம்பும் கட்டினாள். "இப்ப தண்ணி நிக்கும்" என்று கையைக் கழுவினாள். தண்ணீர் நின்றது. அடுத்த வளவுப் பெண், "தாய்க்குப் பிள்ளை எண்டா இப்பிடி இரிக்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆட்டைத் துரத்திய மனிதன் நான், வெறும் மூட்டைகளை உதறி மடித்து வைத்தேன். செடி சாகப்போகிறது என்று எனக்குத் தெரியும். அவள் தேறி வருகிறாள் என்றும் தெரியும். இரண்டையும் ஒரே வளவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாரி தொடங்கியபோது இலைகள் அடியிலிருந்து மஞ்சளாகின. பிறகு ஒருநாள் அவள் ஓர் இலையைத் தொட, கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. கிழங்கு கூழாகி நாறியது. மற்றக் குத்துகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். குசினிக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சேற்றிலேயே இருந்துவிட்டாள்.

"நான் ஊத்தின தண்ணி போதாமப் போயிற்றா அப்பா?"

"இல்ல மகள். நீ நல்லாத்தான் பாத்தாய். இந்த ஊர் வெயில் அதுக்கு ஒத்துக்கல்ல."

அவள் கையிலிருந்த அழுகிய கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் கேட்காததை அப்போதுதான் கேட்டாள். "அம்மா கடைசியில தண்ணி கேட்டாவா?"

"கேட்டா" என்றேன்.

"குடுத்தயளா?"

"குடுத்தன். வேணுமெண்ட மட்டும் குடிச்சா. போதும் எண்டு அவவே சொன்னா."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கிழங்கைக் கீழே வைத்துவிட்டு, சேற்றுக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப சரி அப்பா" என்றாள்.