மூச்சை வெட்டிய பாட்டு

1999-ல் அருப்புக்கோட்டையில் என் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துப் பாட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். திரையில் வரும் இங்கிலீஷ் அரைகுறையாகத்தான் புரியும். எதை அமுக்கினாலும் பயந்துகொண்டேதான் அமுக்குவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரளச்சிப் பக்கமிருந்து ஒரு விவசாயி தன் மனைவியை அழைத்து வந்தார். அந்த அக்கா சர்ச்சில் பாடுகிறவர். கழுத்தில் கழலை, செவ்வாய்க்கிழமை மதுரையில் ஆபரேஷன். அதற்குப் பிறகு குரல் பழையபடி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்குள் நாலு பாட்டையாவது பதிந்து வைக்க வேண்டும். ஞாயிறு என்பதால் பக்கத்து வீடுகளில் தறி ஓடவில்லை. நிம்மதியாகப் பாடிவிட்டுப் போனார். காலையில் கேசட் தருவதாகச் சொன்னேன்.

அவர்கள் போனதும் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஃபேன் இரைச்சல் கேட்கிறதோ, மூச்சு வாங்குவது அசிங்கமாக இருக்கிறதோ என்று ஒவ்வொன்றாக வெட்டினேன். இரைச்சலை நீக்கும் வசதியையும் இரண்டு மூன்று தடவை ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் முதலில் பதிந்ததன் மேலேயே சேமித்துவிட்டேன்.

திங்கட்கிழமை அந்த அண்ணாச்சி வந்து கேசட்டைப் போட்டுக் கேட்டார். முதல் பாட்டு முடியும் முன்பே நிறுத்தச் சொன்னார்.

"அவ குரல்தான் தம்பி. ஆனா தகர டப்பாக்குள்ள அடைச்ச மாதிரில்ல இருக்கு? நேத்து பாடுனத அப்படியே போடுங்க."

தேடினேன். இல்லை. சாயங்காலம் அவர்கள் மதுரைக்கு பஸ் ஏற வேண்டும். ஏதாவது பொய் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அவர்கள் வீட்டுக்கே போய் மறுபடி பதிவதுதான் ஒரே வழி; கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மூலையில் கிடந்த பழைய டேப் டெக்கையும் மைக்கையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவரோடு அவர் ஊருக்கு பஸ் ஏறினேன். கரண்டு இருக்குமா, டேப் சிக்குமா, அக்கா சம்மதிப்பாரா என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்த அக்கா, நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

"மூச்ச வெட்டிட்டீகளா? மூச்சு விடாம பாட நான் என்ன ரேடியோப் பொட்டியா?"

"நாளைக்கு ஆபரேஷன வச்சுக்கிட்டு தொண்டைய நோகடிக்காத" என்றார் கணவர்.

"நாளைக்குப் பெறகு பாட ஏலுமோ என்னமோ. நீங்க வயர மாட்டுங்க தம்பி."

பாடினார். வெளியே ஆடு கத்தியது. குரல் ஏறும்போதெல்லாம் டெக்கில் சத்தத்தின் அளவைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. குறைக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். மூன்றாவது பாட்டில் குரல் அடைத்து நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்தார்.

வீட்டுக்கு வந்து அந்த டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒரு வெட்டுக்கூடப் போடவில்லை. மாதக்கணக்கில் கம்ப்யூட்டரில் தேடியும் எனக்குக் கிடைக்காத கனிந்த சத்தம், டேப் தாங்க முடியாமல் கொஞ்சம் திணறிய இடங்களில் இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேச்சு வந்தது, மேல் ஸ்தாயி மட்டும் திரும்பவில்லை. கேசட்டைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டியபோது, அக்கா அதனோடு சேர்ந்து கரகரத்த குரலில் கீழ் ஸ்தாயியில் மெதுவாகப் பாடினார்.

இன்றும் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான். ஆனால் என் பயம் தீர்வதற்காக இன்னொருவரிடம் இருப்பதை எடுத்துவிடக் கூடாது என்பதை மட்டும் அன்று பிடித்துக்கொண்டவன், இதுவரை விடவில்லை.