பதினேழு நெற்றியில் பொட்டு

எங்கள் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்கள் ஒவ்வொருவரும் தனியாக ஒரு கண்காட்சி வைத்தாக வேண்டும். ஆளுக்கு ஒரு வகுப்பறை, இரண்டு நாள் அவகாசம். பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டு, சுவருக்கு நாமே வெள்ளையடித்து, ஆணி அடித்து, படங்களை மாட்டி, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். சேலத்தில் ஓவியம் படித்த காலம் முழுக்க அந்த நாளை நினைத்துக்கொண்டேதான் மூத்த மாணவர்களுக்குச் சுண்ணாம்பு கலக்கிக் கொடுத்தேன். என் முறை வந்தபோது தேர்வாளரைப் பற்றி எனக்குத் துளியும் கவலை இல்லை. என் கவலையெல்லாம் அப்பாவைப் பற்றித்தான்.

அப்பாவுக்கு நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. வெறும் சேசிஸாக, இரும்புச் சட்டமும் சக்கரமுமாக வந்து நிற்கும் வண்டிக்கு மரமும் தகடும் வைத்து உடம்பு கட்டி அனுப்புவார்கள். நான் ஒரே பெண். ஓவியம் படிக்கிறேன் என்றபோது பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் ஆகப்போகிறேன் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு அனுப்பிவைத்தார். நானும் மறுக்கவில்லை. கடைசி வருடத்தில், வடக்கே ஒரு கல்லூரியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்ன பிறகுதான் ஆள் விழித்துக்கொண்டார். இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார்.

"உன்ற கண்காட்சிக்கு வாரேன். ஒருக்காப் பாக்கறேன். ஒரு மனுசன் ஒக்காந்து செஞ்ச வேலையாட்டம் இருந்துதுன்னா போய்ப் படி. சும்மா கிறுக்கி வெச்சிருந்தீன்னா ஊட்டுக்கு வந்து பட்டறை ஆபீஸ்ல ஒக்காரு. அப்பறம் அழுவப்படாது."

"செரிங்ப்பா" என்றேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல்தான் வரும். ஆனால் அப்பாவிடம் வராது.

அவருக்கு ஏன் பயந்தேன் என்றால், என் படங்கள் எல்லாம் தூங்குகிறவர்கள். எங்கள் பக்கத்து ஆட்களைப் போல வெட்டவெளியில் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் வேறு எங்காவது இருப்பார்களா என்று தெரியவில்லை. லாரிக்கு அடியில் தூளி கட்டித் தூங்குகிற டிரைவர், துணி மூட்டைமேல் மல்லாந்து கிடக்கிற தறிக்காரர், மேட்டூர் பஸ்ஸில் காலி மீன் கூடையை மடியில் வைத்தபடி வாய் திறந்து தூங்குகிற அக்கா, அடுக்கிய முட்டை அட்டைகளுக்குச் சாய்ந்திருக்கிற கோழிப்பண்ணைப் பெண். இப்படிப் பதினாறு பேர். பதினேழாவது ஆள் அப்பா.

இதில்தான் வம்பு. பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து பகலில் ஒரு நிமிடம்கூடக் கண்ணை மூடியதில்லை என்பது அப்பா எல்லோரிடமும் அடித்துச் சொல்லும் பெருமை. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இதைச் சொன்னதாக அம்மா சொல்வாள். உண்மை என்னவென்றால், தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் பலகை அடுக்குக்குப் பின்னால் போய் இருபது நிமிடம் கட்டையைச் சாய்ப்பார். பட்டறை ஆட்களுக்கு அது தெரியும். அந்த நேரத்துக்குச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிற அப்பா, "என்றா, எல்லாரும் தூங்கப் போயிட்டீங்களா?" என்று ஒரு சத்தம் போடுவார். அவர்களும் தலையைச் சொறிவார்கள்.

அந்த இருபது நிமிடத்தைத்தான் நான் திருடினேன். கோடை விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த சமயம், பலகை அடுக்குக்கு எதிரே நின்ற ஒரு சேசிஸ்மேல் ஏறி உட்கார்ந்து பதினொரு மதியம் வரைந்தேன். பிறகு கல்லூரிக்கு வந்து, ஒட்டுப்பலகையில் காகிதம் ஒட்டி, கரியால் ஆளுயரத்துக்குப் பெரிதாக எழுதினேன். அதைப் போனில் முதலில் பார்த்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "இத மட்டும் மாட்டிப்போடாத சாமி" என்றாள். என் ஆசிரியரோ இருப்பதிலேயே இதுதான் நல்ல படம், இது இல்லாமல் கண்காட்சியே வைக்காதே என்றார். எனக்கும் அது தெரிந்திருந்தது. அதனால் மாட்டினேன். மாட்டிவிட்டு நான்கு முறை கழற்றினேன், ஐந்தாவது முறை மறுபடி மாட்டினேன்.

கண்காட்சி நாள் காலையில் கல்லூரி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. நான் அப்பாவையும் அம்மாவையும் மட்டும்தான் கூப்பிட்டிருந்தேன். அப்பா அதை ஒரு விசேஷமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். வேனிலிருந்து சொந்தக்காரர்கள் இறங்கினார்கள். சலவைச் சட்டை போட்ட பட்டறை ஆட்கள் ஆறு பேர் இறங்கினார்கள். லட்டு டப்பாக்கள் இறங்கின. கடைசியாகச் சுருட்டிய ஃப்ளெக்ஸ் ஒன்று இறங்கியது. என் பத்தாம் வகுப்புப் போட்டோவைப் பெரிதாக்கி, இரண்டு பக்கமும் மயில் வைத்து, 'கண்காட்சிக்கு வருகை தரும் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம்' என்று அடித்திருந்தார். கூடப் படிக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொசுக்கென்று கோபம் வந்தது. ஆனால் அப்பா சட்டையை மடித்து விட்டுக்கொண்டு கேட்டில் கயிறு கட்ட ஆரம்பித்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ போய் உன்ற வேலையப் பாரு. இதக் கட்டீட்டு வாரேன்" என்றார்.

நான் தேர்வாளரை வரவேற்க முதல்வர் அறைக்குப் போனேன். அந்தக் கால்மணி நேரத்தில்தான் எல்லாம் நடந்தது.

அப்பாவின் அக்காவை, என் அத்தையை, இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பட்டறையில் பாடி கட்டி முடித்த லாரி எதுவும் அத்தை கையால் பொட்டு வாங்காமல் வெளியே போனதில்லை. சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டினால்தான் சாவி கைமாறும். அத்தைக்கு அப்படி ஒரு கைராசி என்று எல்லோரும் நம்பினார்கள். அத்தை அதைவிட அதிகமாக நம்பினாள். தம்பி மகள் செய்த பண்டம் முதன்முதலாக வெளியே வருகிறது, நான்கு பேர் பார்க்கப்போகிறார்கள், பொட்டு இல்லாமல் எப்படி? கையோடு ஒரு கிண்ணம் சந்தனம் கரைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

லாரிக்கு வைப்பதென்றால் முன்கண்ணாடியில் வைப்பாள். படத்துக்கு எங்கே வைப்பது? மனிதர்கள் இருக்கிறார்களே, நெற்றி இருக்கிறதே. பதினேழு நெற்றியிலும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து முடித்துவிட்டாள். மாலை ஒன்றுதான் இருந்தது. மற்றவர்கள் யாரோ எவரோ. இது தன் தம்பி. அதனால் மாலையை அப்பா படத்துக்குப் போட்டு, கீழே தலைப்பக்கமாக ஒரு அகல் விளக்கையும் ஏற்றி வைத்துவிட்டு, கை கழுவப் போய்விட்டாள்.

அதே நேரம் ஆத்தூரிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்த என் பெரியம்மா, வாசலில் ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் நின்ற அப்பாவைக் கவனிக்காமல், நேராக மாடியேறி அறைக்குள் நுழைந்தாள். எதிர்ச்சுவரில் தங்கையின் கணவர் ஆளுயரத்துக்குப் படுத்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது. நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை, தலைமாட்டில் விளக்கு. வேறு என்ன நினைப்பாள்?

நான் தேர்வாளரோடும் ஆசிரியரோடும் படியேறி வரும்போது அந்த ஓலம் கேட்டது.

"ஐயோ! இப்படி ஆகிப்போச்சே! எனக்கு ஒரு போனு பண்ணி யாரும் சொல்லலியே! என் தங்கச்சி எங்க?"

தங்கச்சி, அதாவது என் அம்மா, லட்டுத் தட்டோடு ஓடினாள். பெரியம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆத்தூரில்தான் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்த அம்மா, காரணம் கேட்காமலேயே சேர்ந்து அழுதாள். அம்மா அழுவதைப் பார்த்து இரண்டு சித்திகள் அழுதார்கள். தேர்வாளர் சென்னையிலிருந்து வந்தவர், குட்டையாக முடி வெட்டிய, அமைதியான பெண்மணி. அவர் வாசலிலேயே நின்று, "நாம் அப்புறம் வரலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரிப்படத்தில் ஈரச் சந்தனம் ஊறிப்போனால் எடுக்கவே முடியாது. ஒரு வருட உழைப்பு. எனக்கு வந்த கோபத்துக்கு அத்தையை அப்படியே வேனில் ஏற்றித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அதற்குள் ஃப்ளெக்ஸ் கயிற்றின் மிச்சத்தைக் கையில் பிடித்தபடி அப்பா ஓடி வந்தார். "ஆருக்கு என்னாச்சு? ஏனுங்க, ஆருக்கு என்ன?"

பெரியம்மா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி அப்பாவைப் பார்த்தாள். அம்மாவின் தோளிலிருந்து கையை எடுத்து, அப்பாவின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"நல்லாத்தான இருக்கீங்க! உசுரே போயிடுச்சு எனக்கு!"

எல்லோரும் அப்பாவைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். பலகை அடுக்கு, மடித்துத் தலைக்கு வைத்த துண்டு, லேசாகத் திறந்த வாய். சொந்தக்காரர்களுக்கு நடுவே, தன் ஆறு ஆட்களுக்கு முன்னால், பட்டப்பகலில் தூங்கிக்கொண்டிருக்கிற அப்பா. பட்டறை ஆட்கள் கூரையைப் பார்த்தார்கள். ஒருவர் இருமினார். முடிந்தது என்று நினைத்தேன். வடக்கும் இல்லை, மேல்படிப்பும் இல்லை, பட்டறை ஆபீஸ் நாற்காலிதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அப்பா முதலில் மாலையைக் கழற்றினார். "ஏக்கா, உசுரோட இருக்கறப்பவே மாலையப் போட்டுட்டியா?"

கை கழுவிவிட்டு வந்த அத்தை அசரவில்லை. "படத்துக்குப் போட்டேன்டா. உனக்கா போட்டேன்?"

அப்பா படத்தை நெருங்கினார். பாடி கட்டி முடித்த வண்டியை அனுப்புவதற்கு முன் பார்க்கிற பார்வை அது. ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டினார். பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். பின்னால் நகர்ந்து நின்றார்.

"இது தப்பு" என்று கால் பக்கம் விரலை நீட்டினார். "செருப்ப நான் கால்மாட்டுல உட மாட்டேன். நாய் தூக்கீட்டுப் போயிரும். எப்பவும் தலமாட்டுலதான் வெப்பேன்."

படத்தின் அழகுக்காக நான்தான் செருப்பை இடம் மாற்றியிருந்தேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், பட்டறை ஆட்களில் ஒருவர் "ஆமாங்க, தலமாட்டுலதானுங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டார். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பா அவரை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருக்கும்போது அவருடைய உதடு ஒரு பக்கமாகப் போயிற்று. பிறகு அந்த அறையில் எழுந்த சிரிப்பில், பக்கத்து அறைகளில் கண்காட்சி வைத்திருந்தவர்களெல்லாம் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். அழுத முகத்தைத் துடைக்காமலேயே பெரியம்மாதான் அதிகம் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் தேர்வாளர் உள்ளே வந்தார். பதினேழு படங்களையும் ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்த்தார். "இந்தப் பொட்டு உங்கள் படைப்பின் ஒரு பகுதியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன்.

"நாந்தானுங்க வெச்சேன்" என்றாள் அத்தை. "உங்களுக்கும் வெக்கட்டுங்களா?"

தேர்வாளர் நெற்றியைக் காட்டினார். எனக்கு மதிப்பெண் போட்ட நேரம் முழுவதும் அந்தப் பொட்டோடுதான் இருந்தார்.

கடைசியாக அப்பாவின் படத்துக்கு முன்னால் வந்து, "இதற்கு எத்தனை நாள் ஆனது?" என்றார்.

"நேரில் பார்த்து வரைந்தது பதினொரு மதியம், மேடம். தினமும் இருபது நிமிடம். எதிரே இருந்த சேசிஸ்மேல் உட்கார்ந்து வரைந்தேன். இங்கே வந்து பெரிதாக எழுத ஒன்றரை மாதம்."

அவர் குறித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். சொந்தக்காரர்கள் லட்டைப் பிரித்தார்கள். அப்பா மட்டும் அங்கேயே நின்றார். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது.

"சித்திரை வெயில்லயா?" என்றார்.

"ஆமாங்ப்பா."

"அந்தச் சேசிஸ் மேலயா? அது மத்தியானத்துல தொட்டாலே தோலு உரிஞ்சுக்குமே."

"சாக்கு மடிச்சுப் போட்டுக்கிட்டேன்."

"பதினோரு நாளும்?"

தலையாட்டினேன். அப்பா என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கரி ஏறிய விரல்கள்தான் இருந்தன. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

"என்ற பட்டறையில எவனும் இப்படி ஒக்கார மாட்டான்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, படத்தைப் பார்த்தபடியே கேட்டார்:

"நீ போற அந்த வடக்க காலேஜ்ல... நெழல் இருக்குமா?"

நான் அந்தக் கல்லூரியைப் பார்த்ததே இல்லை. பெயரும் தபால் முகவரியும்தான் தெரியும்.

"இருக்குதுங்ப்பா" என்றேன். "மரமா இருக்குது. பெரிய பெரிய மரம்."