ஒரு ரூபாய் மாடு

பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது ஆண்டு குப்பை கொட்டியவன் நான். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டம் காலியாக இருந்தால் காகிதம் எத்தனை நாள் தூங்கும் என்பது மனப்பாடம். வேலந்தாவளத்தில் மாட்டு வியாபாரம் செய்யும் என் தங்கை கணவர் இணையதளம் வேண்டும் என்று முடிவெடுத்தபோது, கணினி தெரிந்தவர்களை எல்லாம் விட்டுவிட்டு என்னிடம் வந்ததற்கு இதுதான் காரணம்.

அவருக்கு அவசரம். மாட்டுப்பட்டிப் பக்கம் புதிதாகப் பண்ணை தொடங்கிய ஒருவர் பத்துக் கறவை மாடு கேட்டிருந்தார். சந்தையில் வந்து நிற்க நேரமில்லை, தளம் இருந்தால் அனுப்புங்கள், வியாழனுக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றும் சொல்லியிருந்தார். சந்தைக் கூட்டம் மெலிந்துவிட்ட காலம். பத்து மாடு ஒரே இடத்துக்குப் போனால் மாப்பிள்ளை அந்த வருடத்தை ஓட்டிவிடுவார்.

கோவையில் இணையதளம் அமைத்துத் தருபவர் ஒருவரிடம் போனோம். குளிரூட்டிய அறை. சுவரில் கனவு காணச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வாசகம். தளம் கட்ட மூன்று வழி உண்டு என்று அரை மணி நேரம் விளக்கினார். இலவசமாகக் கிடைக்கும் ஒற்றைப் பக்கம். நாமே எல்லாவற்றையும் பூட்டிக் கழற்றி மாட்டிக்கொள்ளும் வகை. மாதச் சந்தா கட்டினால் கூடை, கூப்பன், ரசீது எல்லாம் தயாராக வரும் கடை வகை. எதை விற்கப்போகிறோம் என்று அதுவரை அவர் கேட்கவில்லை. மாடு என்று நானே சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஓகே சார். கலர், சைஸ் எத்தனை ஆப்ஷன்?"

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து, செவலை, கருப்பு, கருப்பு வெள்ளை என்று பொறுப்பாகச் சொல்லத் தொடங்கினார். அவரும் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஒப்பீட்டு அட்டவணை போட்டேன். செலவு, பாதுகாப்பு, வசதி, பிற்கால விரிவாக்கம் என்று பதினான்கு தலைப்பு. கடை வகை எல்லாவற்றிலும் முதலிடம். ஒற்றைப் பக்கத்துக்குக் கடைசி இடம். அதில் படமும் தொலைபேசி எண்ணும் தவிர ஒன்றும் வைக்க முடியாது என்று எழுதி, அடியில் சிவப்புக் கோடும் போட்டேன். மாட்டு வியாபாரிக்கு வேறென்ன வேண்டும் என்று ஒரு தலைப்பு அந்த அட்டவணையில் இல்லை.

கடை வகையையே எடுத்து, புதன்கிழமை பத்து மாட்டின் படத்தையும் ஏற்றினோம். விலை என்ற கட்டத்தில் வண்டி நின்றது. அதை நிரப்பாமல் தளம் நகராது. மாப்பிள்ளை அசையவில்லை.

"வெலைய எப்புடிங்க மச்சான் ஊரே பாக்கற மாதர எழுதறது? வாங்கறவன் மூஞ்சியப் பாக்கோணும், கையப் புடிக்கோணும்."

அவர் சொன்னது சந்தை வழக்கம். துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் விரலைப் பிடித்துப் பேசும். பக்கத்தில் நிற்பவனுக்கும் விலை தெரியாது. எனக்கு அதெல்லாம் சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. தொகை சொல்ல விரும்பாதவர்களின் பத்திரத்தில் பெயருக்கு ஒரு ரூபாய் என்று காட்டுவதை ஆயிரம் முறை பார்த்தவன் நான். கட்டம் நிரம்பினால் போதும். பத்து மாட்டுக்கும் தலைக்கு ஒரு ரூபாய் போட்டேன். தளம் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டது. அதன் முகவரியைப் பண்ணைக்காரருக்கு அன்றே அனுப்பிவிட்டோம். எனக்கும் வேலையை முடித்த திருப்தி.

மறுநாள் காலை பண்ணைக்காரர் அழைத்தார். மாப்பிள்ளை கைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"அண்ணாச்சி, பத்தையும் கூடையில போட்டுட்டேன். பத்து ரூவா காட்டுது. லாரி வாடகையும் அதுக்குள்ளயா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"சிரிக்கேன்னு நெனைக்காதீய. ஒத்த ரூவாய்க்குப் பொருளுன்னு வாரவன்தான் முதல்ல ஏமாத்துதான். எனக்கு உங்க மாடு வேண்டாம்."

இணைப்பைத் துண்டிக்கப் போனவரை மாப்பிள்ளை நிறுத்தினார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த சந்தைக்கு ஒரே ஒரு தடவை வந்து கையைப் பிடித்துப் பாருங்கள், மாடு பிடிக்காவிட்டால் போக்குவரத்துச் செலவு என்னுடையது என்றார். சந்தை என்றைக்கு என்று பண்ணைக்காரர் கேட்டார். பிறகு, வருகிறேன் என்றார்.

வந்தார். ஒவ்வொரு மாட்டின் மடியையும் பல்லையும் பார்த்தார். துண்டுக்கடியில் கையை நுழைத்தவருக்கு எந்த விரலுக்கு என்ன கணக்கு என்று தெரியவில்லை. மாப்பிள்ளை அவரை ஓரமாக அழைத்துப் போய்க் காதில் சொல்லிக்கொடுத்துவிட்டு, திரும்பி வந்து அவரிடமே பேரம் பேசினார். ஏழு மாடு லாரி ஏறியது. மூன்றை வேண்டாம் என்றுவிட்டார்.

அன்று மாலையே கடையை மூடி ஒற்றைப் பக்கத்துக்கு மாறினேன். மூன்று மாட்டின் படம், ஒரு தொலைபேசி எண். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, என் அட்டவணையையும் ஒருமுறை புரட்டினார்.

"பதினாலு தலைப்பு போட்டீங்க மச்சான். மாட்டுக்கு ஒண்ணு போட்டிருக்கலாமுங்க."

மூடிய கடையிலிருந்து மறுநாள் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வாடிக்கையாளர் பத்துப் பொருளைக் கூடையிலேயே விட்டுப் போயிருக்கிறாராம். பத்து சதவீதம் தள்ளுபடி தந்தால் திரும்பி வருவாராம். மாடு ஒன்றுக்குத் தொண்ணூறு காசு. மாப்பிள்ளையிடம் நான் காட்டவில்லை.